பிரவுசர் தப்பான தளத்துக்குப் போனால் செய்யக்கூடாதவை

முகவரியைச் சரியாகத்தான் அடித்தோம், திறந்ததோ வேறு ஏதோ ஒரு தளம். இப்படி ஆனதும் பலர் முதல் வேலையாகப் பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். இதைத்தான் முதலில் தவிர்க்கச் சொல்வேன். குரோமை நீக்கும்போது பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கலாமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாவிட்டால் பழைய புரொஃபைல் (உங்கள் அமைப்புகளும் சேமித்த தகவல்களும்) அப்படியே இருக்கும். டிக் போட்டாலும், கணக்கில் மறுபடி லாகின் செய்து சிங்க்கை (கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் வசதியை) இயக்கியதும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு நாம் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) வரிசையாகத் திரும்பி வந்துவிடும். கோளாறு ரவுட்டரில் இருந்தால் பிரவுசரை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை.

தவறு எங்கே நடக்கிறது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள். தடயமும் சேர்ந்து போய்விடும். கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அதே முகவரியை அதே கம்ப்யூட்டரில் இன்னொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் பழுது பெரும்பாலும் முதல் பிரவுசருக்குள்தான். எல்லா பிரவுசரிலும் தப்பாக வந்தால், அதே வைஃபையில் இருக்கும் போனில் பாருங்கள். போனில் சரியாக வந்தால் கம்ப்யூட்டரைக் கவனியுங்கள். போனிலும் தப்பு என்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறங்கள். இப்போது சரியாக வந்தால் ரவுட்டர் அல்லது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) மேல் சந்தேகம் போகும். மொபைல் டேட்டாவிலும் அதே கதை என்றால் அந்தத் தளமே கைமாறியிருக்கலாம், ஹேக் ஆகியிருக்கலாம், அல்லது நீங்கள் அடிக்கும் முகவரியே தவறாக இருக்கலாம்.

அந்தக் கடைசிக் காரணத்தை லேசாக நினைக்க வேண்டாம். பிரபலமான தளங்களின் பெயரில் ஓர் எழுத்து மாறிய முகவரிகளை வேண்டுமென்றே வாங்கி வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. ஒருமுறை தவறி அங்கே போய்விட்டால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை முதல் இரண்டு எழுத்தை அடித்ததுமே தானாக நிரப்பிவிடும். விண்டோஸில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அந்தப் பரிந்துரையைக் கீழ் அம்புக்குறியால் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது மட்டும் போய்விடும். முழு ஹிஸ்டரியையும் அழிக்கத் தேவையில்லை.

இன்காக்னிட்டோவில் (ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி விண்டோவில்) சரியாக வருகிறது என்று அதிலேயே வேலையைத் தொடர்வது அடுத்த தவறு. அந்த விண்டோவில் நீங்கள் தனியாக அனுமதி கொடுக்காத எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது, பழைய கேஷும் (பிரவுசர் சேமித்து வைத்த நகல்களும்) குக்கீயும் (தளங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகளும்) இருக்காது. அதாவது பழுது சரியாகவில்லை, இருக்கும் இடம்தான் தெரிந்திருக்கிறது. எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். நெடுநாளாகப் பயன்படுத்துவது, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று எதையும் ஒதுக்காதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் பல ஆண்டுகள் நல்ல பெயரோடு இருந்தது. 2020-ல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள்.

எக்ஸ்டென்ஷன் காரணமில்லை என்றால் கேஷைப் பாருங்கள். ஒரு தளம் 301 என்ற பதிலை அனுப்பினால், இந்த முகவரி நிரந்தரமாக அங்கே மாறிவிட்டது என்று பொருள். பிரவுசர் அதைச் சேமித்துக்கொண்டு, அடுத்த முறை தளத்தைக் கேட்காமலேயே புது இடத்துக்குப் போய்விடக்கூடும். தளத்துக்காரர் தவறைத் திருத்திய பிறகும் உங்களுக்கு மட்டும் பழைய இடமே திறப்பது இதனால்தான். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பதிவுகளை அழியாமல் வைக்கும் தேர்வை டிக் செய்துவிட்டு முகவரியை அடியுங்கள். எந்த முகவரி 301 அல்லது 302 (தற்காலிக மாற்றம்) கொடுத்து எங்கே தள்ளிவிடுகிறது என்று வரிசையாகத் தெரியும். பழைய 301-தான் காரணம் என்றால் கேஷை மட்டும் அழியுங்கள். சேமித்த பாஸ்வேர்டுகளில் கை வைக்க வேண்டாம்.

எல்லா பிரவுசரும் ஒரே கம்ப்யூட்டரில் தப்பாகப் போனால் பிராக்ஸி அமைப்பையும் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது) ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பாருங்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு ஐபி எண்ணும் பக்கத்தில் ஒரு தளத்தின் பெயரும் இருந்தால், அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் அந்த எண்ணுக்கே கம்ப்யூட்டர் போகும். ஃபைலையே அழித்துவிடுவது தவறு. 127.0.0.1, 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் விளம்பரத் தடுப்புக்காகவோ வேறு மென்பொருளுக்காகவோ சேர்க்கப்பட்டிருக்கலாம். நகல் எடுத்து வைத்துவிட்டு, சந்தேகப்படும் வரியின் முன்னால் # போட்டு அதைச் செயல்படாமல் வைத்துச் சோதியுங்கள்.

ரவுட்டர் விஷயத்தில்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சர்வரின் எண்ணுக்கு மாற்றியதும் தளம் சரியாகத் திறக்கும், அதோடு விட்டுவிடுவார்கள். ரவுட்டரில் யாரோ மாற்றி வைத்த எண் அங்கேயே இருக்கும். மற்ற கருவிகள் எல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் கம்ப்யூட்டர்களிலும் சில ரவுட்டர்களிலும் டிஎன்எஸ் எண்ணை மாற்றித்தான் வேலை செய்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் வெளியிட்ட கணக்குப்படி 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் அதில் சிக்கியிருந்தன. அதை இயக்கிய கும்பல் பிடிபட்ட பிறகும் அந்தக் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் அமைப்பு தானாகத் திருந்தவில்லை. அதனால் கும்பலின் சர்வர்களுக்குப் பதிலாக மாற்று சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்ட வேண்டியிருந்தது. வைரஸை நீக்குவதும் அது மாற்றி வைத்ததைத் திருத்துவதும் வேறு வேறு வேலை. ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணைச் சரிசெய்யுங்கள், அப்புறம் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேரைப் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளைப்) புதுப்பியுங்கள். மூன்றில் எதையும் விடக்கூடாது.

ரீடைரக்டை (இப்படி வேறு தளத்துக்குத் திருப்பிவிடுவதை) நீக்கித் தரும் மென்பொருள் என்று தேடலில் முதலில் கிடைப்பதை இறக்குவது ஆபத்து. அதைவிட ஆபத்தானது சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டிப் போவது. எதிரே இருக்கும் சர்வரால் தான் அந்தத் தளம்தான் என்று நிரூபிக்க முடியவில்லை என்பதே அந்த எச்சரிக்கை. கம்ப்யூட்டரின் தேதி தவறாக இருந்தாலும் அது வரும். பொது வைஃபையில் லாகின் பக்கம் குறுக்கிட்டாலும் வரும். இரண்டையும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே அந்தத் தப்பான பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்களா? பழுது பார்ப்பது அப்புறம். வேறொரு நம்பகமான கருவியில், மொபைல் டேட்டாவில், உண்மையான தளத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். திருடியவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் அவரை வெளியேற்றிவிடாது.