தொட்டி நிழல் தின்ன யூனிட்

திருநகர் வீட்டு மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டதே கரண்ட்டுல ஓடுற காருக்காகத்தான். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயும் வந்துருச்சு. மதுரை வெயிலுக்கு ஒரு நாளைக்கு 12 யூனிட் வரணும். எனக்கு 9, 10-லயே நின்னுச்சு. பேனல் மாட்டினவர், "தூசிண்ணே, கழுவி விடுங்க"ன்னார். கழுவினேன், முதுகு வலிதான் மிச்சம்.

ஒரு ஞாயித்துக்கிழமை குடையோட மாடியில உக்காந்துட்டேன். 11 மணி வரைக்கும் தண்ணித்தொட்டி நிழல் கிழக்கோரத்து ரெண்டு பேனல் மேல! எல்லாம் தொடராக் கோத்தது, ரெண்டு சுணங்கினா மொத்த வரிசையும் அடிவாங்குது. தொட்டியை வடக்க நகர்த்தினோம். பைப்பு மாத்துறதுக்கு ஒரு நாள் ஆச்சு. இப்ப 12 தொடுது.

ராத்திரி சார்ஜ் போடுறதையும் விட்டாச்சு. 15 ஆம்பியர் பிளக்கு 3 கிலோவாட் பக்கம் இழுக்கும்; உச்சி வெயில்ல போட்டா ஈபி கொஞ்சம் கைகொடுத்தாப் போதும்.