சிறுநீரகம் கொடுக்கும் முன் பாலிசியைப் படியுங்கள்

தம்பிக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்து 7 ஆண்டுகள் ஆகின்றன. தழும்பு மங்கிவிட்டது. காப்பீட்டு நிறுவனங்களோடு மல்லுக்கட்டிய கோப்புதான் இன்னும் அலமாரியில் தலையணை மாதிரி கிடக்கிறது. உறுப்பு கொடுக்க நினைப்பவர்கள் என்னிடம் வலியைப் பற்றியே கேட்கிறார்கள். அது சில வாரங்களில் போய்விடும். நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வேலை, பெறுபவரின் பாலிசி ஆவணத்தை முழுதாக வாங்குவது. பளபளப்பான விளம்பரத் தாளைத் தூக்கி வைத்துவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைகளில் 'உறுப்புக் கொடையாளர்' என்ற சொல்லைத் தேடுங்கள். தம்பியின் பாலிசியில் சிறுநீரகத்தை எடுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. அதற்கு முந்தைய பரிசோதனைகளுக்கும் பிறகு வரும் சிக்கல்களுக்கும் கிடையாது. நான் அந்த வரியைப் படிக்கவில்லை. ஐந்தாவது மாதம் தழும்பை ஒட்டி ஹெர்னியா வந்தது. 'நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல' என்றது தம்பியின் நிறுவனம். 'நீங்களாக விரும்பிச் செய்துகொண்ட சிகிச்சையின் விளைவு' என்றது என் நிறுவனம். திரிசங்குவுக்காவது ஒரு சொர்க்கம் கிடைத்தது.

ஆகவே மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். பரிசோதனையில் தேறாமல் போகிறவரின் செலவு யாருடையது? சிக்கல் வந்தால் எத்தனை மாதம் வரை பொறுப்பு? அது யாருடைய பாலிசியில்? பதிலும் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் எனக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

அடுத்தது தகுதி. சிறுநீரக நோய்களுக்கான கேடிகோ என்ற அமைப்பு 2017இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், சிறுநீரகங்கள் ரத்தத்தை வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு மில்லிலிட்டரில்) 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏற்கலாம், 60க்குக் கீழ் என்றால் கூடாது, இடைப்பட்டவர்களை ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறது. எங்கள் வீட்டில் முதலில் முன்வந்தது அக்கா. தம்பிக்கு முன்பு ஏற்றிய ரத்தத்தால் உருவான எதிர்ப்பொருள்கள் அவளுடைய செல்களைத் தாக்கின, இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையில் பொருந்தவில்லை. அவள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள். பிறகுதான் தெரிந்தது, இப்படிப் பொருந்தாத இரண்டு ஜோடிகள் (கொடுப்பவரும் பெறுபவரும்) தங்களுக்குள் உறுப்பை மாற்றிக்கொள்ளும் முறை 1991லேயே தென் கொரியாவில் தொடங்கிவிட்டது என்று. உங்களை மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். எடையும் புகைப்பழக்கமும் சரிசெய்யக்கூடியவை. சர்க்கரை நோய் வேறு கதை. மையத்துக்கு மையம் அளவுகோல் மாறும் என்பதால் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை. மனம் மாறினால், மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை விலகலாம். குடும்பத்திடம் காரணம் சொல்லும் சங்கடம் வேண்டாம் என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தப் பாலிசி இல்லாதவர்கள் பரிசோதனைகள் தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் கேட்பதற்கு உண்மையை எழுதுங்கள். மறைத்தால், பின்னால் கிளெய்மை நிராகரிக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும்.

கொடுத்த பிறகு என்னை அதிகம் எரிச்சலூட்டியது ஆய்வக அறிக்கை. முன்பு 95 இருந்த வடிகட்டும் திறன் இப்போது 58. எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து வேலையைக் கூட்டிக்கொள்ளும். ஆனாலும் இரண்டின் அளவுக்கு வராது. கணினி அதைப் பார்த்து 'நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை' என்று அச்சிட்டுவிட்டது. ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் பிரீமியத்தை உயர்த்தினார்கள். சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கினேன்: அறுவை சிகிச்சைத் தேதி, முந்தைய எண், சிறுநீரில் புரதம் இல்லை, ரத்த அழுத்தம் இயல்பு, எண் குறைந்தது உறுப்பை எடுத்ததால். பிரீமியம் பழைய அளவுக்கு இறங்கியது. இந்தக் கடிதத்தை ஆண்டுப் பரிசோதனையின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெறுபவருக்கு மாத்திரைதான் உயிர். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸை வேறு தயாரிப்புக்கு மாற்றச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கேட்டால், விழுங்கும் முன் உறுப்பு மாற்று சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள்; மாற்றினால் ரத்தத்தில் மருந்தளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். மாத்திரை தீர்வதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

மருந்தளவு பார்க்கும் ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்தான் எடுக்க வேண்டும். தம்பி பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டு வந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினான். இப்போது பரிசோதனைக்கு முந்தின இரவே மாத்திரை டப்பா என் கைப்பைக்கு வந்துவிடும். முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி அவன் வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்கிறேன்.