வண்டிக்குள் தண்ணீர் டேங்க் ஒழுகுகிறதா? பசையைக் கையில் எடுக்கும் முன்

ஏலகிரியில் இருந்து இறங்கி தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்த இரவு, வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் கை வைத்தால் பலகை சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. பழைய டிராவலர் வேனை, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர்வேனாக மாற்றிய வண்டி அது. சீட்டுக்கு அடியில் 80 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், அதற்கு ஒரு முழம் தள்ளி பேட்டரி. பதறிப்போய், ஈரம் தெரிந்த மூலையில் எபாக்சி புட்டியைப் பிசைந்து அப்பிவிட்டேன். மூன்றாம் நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு நடை போய் வந்ததும், அந்தப் புட்டி முழு வில்லையாகக் கழன்று கையோடு வந்தது. தண்ணீர் மட்டும் முன்பு போலவே சொட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் நான் அடைத்த இடத்தில் ஓட்டையே இல்லை.

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. டேங்கின் ஒரு பக்கத்தில் கசிகிற நீர் அடிப்பக்கத்து வரிப்பள்ளம் வழியாக ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்த மூலையில் போய்ச் சொட்டும். அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி தேடுவதுதான், அடைப்பது மீதிக் கால்வாசி. தேடுவதற்கு ஒரு நாள் செலவானாலும் பரவாயில்லை, அந்த ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் காரியமாக பேட்டரியின் மெயின் சுவிட்சை அணையுங்கள், பம்பையும் அணையுங்கள். நம் வண்டிகளில் இடம் பற்றாது என்று டேங்க், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஒரே சீட்டுக்கு அடியில் திணித்து வைக்கிறோம். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஈரத்தில் ஷார்ட் ஆனால் வயர் கருகும், இன்வெர்ட்டரில் இருந்து வருவதோ வீட்டு கரண்ட் மாதிரியே 230 வோல்ட்.

அடுத்து, அது டேங்க் தண்ணீர்தானா என்று பாருங்கள். மலையில் நிரப்பிய குளிர்ந்த தண்ணீரோடு சென்னைப் புழுக்கத்துக்குள் இறங்கினால் டேங்கின் வெளிப்புறம் ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் மாதிரி வியர்க்கும். ஏசி இருக்கிற வண்டியில் அதன் வடிகால் குழாய் நழுவி உள்ளேயே ஊற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை ஜன்னல் ஓரத்தில் இறங்கும் நீர் சுவருக்குள்ளேயே ஓடிவந்து டேங்கின் மேல் விழும். இதைப் பிரித்தறிய வடசென்னைக்காரர்கள் பல பேர் வீட்டில் ஏற்கனவே ஒரு கருவி இருக்கிறது: ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்க வாங்கி வைத்த டிடிஎஸ் பேனா, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் கருவி. சொட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு சுத்தமான கிண்ணத்தை வையுங்கள். அதில் சேர்ந்ததை அளந்து, டேங்க் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வியர்வை, ஏசி நீர், மழை நீர் மூன்றுக்கும் எண் மிகக் குறைவாக வரும். டேங்க் தண்ணீர் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். எனக்குக் கிண்ணத்தில் 620, டேங்கில் 610 வந்தது, சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. இரண்டையும் அளப்பது முக்கியம், ஏனென்றால் நம் பக்கம் தண்ணீரின் உப்பு தெருவுக்குத் தெரு மாறும். காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் தண்ணீர் வரும் குழாயில் ஒரு எண், கடலோரத்து போர்வெல்லில் இன்னொரு எண். டேங்கில் இருப்பதே உப்புக் குறைந்த தண்ணீர் என்றால் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது, அப்போது டேங்க் தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைக் கலந்துவிடுங்கள், ஒழுகினால் ஆரஞ்சு நிறம் காட்டிக்கொடுக்கும். கழிவு நீர் டேங்குக்கும் இந்த வழி நன்றாக வேலை செய்யும்.

இப்போது தேடல். எல்லாவற்றையும் உலரத் துடைத்து, டேங்கின் அடியில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரைக் கட்டிவிடுங்கள். டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு, பம்ப் அணைந்த நிலையிலேயே ஒரு இரவு விடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு டேங்கிலோ, குழாயைச் சேர்க்க அதன் சுவரில் பொருத்திய நிப்பிளிலோ, அங்கிருந்து பம்புக்குப் போகும் ஹோஸிலோ இருக்கிறது. இதில் ஒரு வசதி உண்டு: மட்டம் இறங்கி இறங்கி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும், அந்தக் கோட்டைச் சுற்றி மட்டும் தேடினால் போதும். மட்டம் அசையவே இல்லை என்றால் பேட்டரியின் மெயின் சுவிட்சைப் போட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்பைப் போடுங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் அவ்வப்போது டக்கென்று ஓடி நின்றால் பெரும்பாலும் பம்புக்கு அப்புறம் உள்ள ஹோஸ்களில் எங்கேயோ அழுத்தம் இறங்குகிறது, அங்கே கிளிப்களைப் பாருங்கள். இந்த இரண்டிலும் சிக்கவில்லையா? அப்படியானால் வண்டி ஓடும்போது மட்டும் கசிகிறது. தண்ணீர் அலையடித்து மேல்மூடியின் ரப்பர் வழியாகவோ, காற்றுக் குழாய் வழியாகவோ தெறிக்கும். மணலி பக்கம் ஒரு மேடுபள்ளமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு டிஷ்யூவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிகம் ஒழுகுவது டேங்க் அல்ல, டேங்க் நிப்பிள். பலர் இதன் மரையில் டெஃப்லான் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றுகிறார்கள், அது வீண் வேலை. டேங்க் சுவரில் நீரைத் தடுப்பது அந்தத் தட்டையான ரப்பர் வாஷர், மரை அல்ல. வாஷரைத் தண்ணீர் இருக்கும் உள்பக்கம் வைத்து, நட்டைக் கையால் முடிந்த மட்டும் முறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். ஒழுகுகிறதே என்று இன்னும் இன்னும் முறுக்கினால் வாஷர் பிதுங்கி வெளியே வரும், அல்லது பிளாஸ்டிக் மயிரிழையாக விரியும். வாஷரை மாற்றும்போது துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் பிளேடால் சீவிவிடுங்கள். டெஃப்லான் டேப் வேண்டியது, நிப்பிளுக்கு வெளியே வால்வும் எல்போவும் சேரும் மரைகளில்தான்.

எனக்கு நடந்தது அந்த மயிரிழை விரிசல். வண்டியை மாற்றிய இடத்தில் வீட்டுக்குப் போடும் விறைப்பான சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை நேராக, வளைவே இல்லாமல் டேங்கில் சொருகியிருந்தார்கள். வீட்டில் அது சரி, சுவர் ஆடாது. வண்டியில் 80 லிட்டர் என்றால் 80 கிலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை ஒரு பக்கம் இழுக்க, குழாய் இன்னொரு பக்கம் விறைத்து நிற்க, நடுவில் டேங்க் சுவர் அடி வாங்குகிறது. டேங்குக்கும் முதல் குழாய்க்கும் நடுவே ஒரு சாண் நீளமாவது வளையும் ஹோஸ் போடுங்கள்.

சரி, விரிசலை எப்படி அடைப்பது? டேங்க் எதனால் ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டிக்கு வரும் பிளாஸ்டிக் டேங்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். அதில் எபாக்சி, பிவிசி சால்வென்ட், சிலிகான் எதுவும் பிடிக்காது, மேலே உட்கார்ந்திருக்குமே தவிர ஒட்டாது. சந்தேகம் இருந்தால் டேங்கில் எங்காவது ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள்: மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் பிவிசி மாதிரி வேறு ஏதோ.

இதை எனக்கு விளங்க வைத்தவர் எங்கள் தெருவுக்கு வரும், பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிற அண்ணன். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஒவ்வொரு தெருவும் அவரைப் போன்ற ஒருவரை நம்பித்தான் இருந்தது. அவரிடம் டேங்கைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுமேல பசை நிக்காது தம்பி, உருக்கித்தான் சேக்கணும்" என்றார். விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டார், அப்போதுதான் அது மேலும் ஓடாது. பிறகு விரிசலை நீளவாக்கில் ஆங்கில வி எழுத்து மாதிரி பள்ளமாகச் சீவி, வெயில்பட்டு வெளுத்த மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, டேங்கின் மூடி ஓரத்தில் இருந்து அறுத்த அதே பிளாஸ்டிக் நாடாவைச் சூடான இரும்பால் பள்ளத்துக்குள் அழுத்தி உருக்கினார். புதுப் பிளாஸ்டிக்கை மட்டும் உருக்கி மேலே ஊற்றவில்லை. டேங்க் சுவரும் இளகிப் பளபளத்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பிசைந்தார். அந்தப் பளபளப்புதான் கவனிக்க வேண்டியது. ஹாட் ஏர் கன்னில் நீங்களே செய்வதானால் 270 முதல் 300 டிகிரி போதும், பிளாஸ்டிக் பழுப்பாகிப் புகைந்தால் சூடு அதிகம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நாடாவும் டேங்கும் ஒரே வகைப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பாலிஎத்திலீனில் பாலிப்ரொப்பிலீன் சேராது. டூவீலர் பேனலும் கார் பம்பரும் ஒட்டும் கடைகளிலும் இதைச் செய்வார்கள்.

ஃபைபர் டேங்க் என்றால் வேறு கதை. காசிமேட்டில் ஃபைபர் படகு பார்ப்பவர்களிடம் கொண்டுபோனால் கண்ணாடி இழையும் ரெசினும் வைத்து அடைத்துவிடுவார்கள், குடிநீருக்கு என்று சொல்லிச் செய்யுங்கள், முழுதாக இறுகும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் வெல்டிங் ஓரமாக ஊசித்துளை விழும், உப்புத் தண்ணீரில் 304 ரகம் சீக்கிரம் அரிக்கும். டிஐஜி வெல்டிங் போடலாம், ஆனால் பல இடத்தில் துளை விழுந்திருந்தால் டேங்கை மாற்றுவதே மேல்.

பயணத்தின் நடுவில் ஒழுகினால்? டீசல் டேங்குக்கு லாரிக்காரர்கள் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள், அது தண்ணீர் டேங்கில் கரைந்துபோகும். ஹோஸில் விரிசல் விட்டால் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, நன்றாக இழுத்துச் சுற்றி இரண்டு கிளிப் போடுங்கள், வீடு வரை தாங்கும். டேங்கில் விரிசல் என்றால் மட்டத்தை விரிசலுக்குக் கீழே இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

அடைத்த பிறகு பலகையை மறந்துவிடாதீர்கள், எனக்குச் செலவு வைத்தது அதுதான். தரையைத் திறந்து, ஃபேன் வைத்து நாலைந்து நாள் காய விடுங்கள். பலகை அடுக்குப் பிரிந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போடுங்கள். அடியில் பஞ்சு மாதிரியான இன்சுலேஷன் இருந்தால் எடுத்துப் பிழிந்து பாருங்கள், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே நீர் நிற்கும்.

குடிக்கும் டேங்கைத் திறந்து வேலை பார்த்திருந்தால் சுத்தம் செய்யாமல் குடிக்காதீர்கள். 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம், வாசனை சேர்க்காதது, லிட்டருக்கு 1 மில்லி வீதம் கலந்து, குழாய்களிலும் வரும்படி திறந்துவிட்டு, நாலு மணி நேரம் வைத்து, வாடை போகும் வரை அலசுங்கள். ஸ்டீல் டேங்கில் அதற்கு மேல் வைக்க வேண்டாம், குளோரினும் அரிக்கும்.

அப்புறம் நிரப்பும்போது ஒரு விஷயம். டேங்கர் லாரியின் ஹோஸை டேங்கின் வாயில் சொருகித் திறந்துவிட்டால் காற்று வெளியேற முடியாமல் டேங்க் உப்பி, ஒட்டிய இடம் முதலில் பிரியும். காற்றுக் குழாயில் எங்கேயும் தொங்கல் இல்லாமல் பாருங்கள், தொங்கலில் தேங்கும் நீரே அதை அடைத்துவிடும்.

சீட்டுப் பலகையை உடனே திருகி மூடாதீர்கள். அடியில் புதுச் செய்தித்தாள் விரித்து, டேங்கை நிரப்பி, மாதவரம் வழியாகச் செங்குன்றம் வரை ஒரு நடை போய் வாருங்கள், இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் தாளை எடுத்து விரலால் தொட்டுப் பாருங்கள். மொறமொறவென்று இருந்தால் திருகலாம்.