சாவு வீட்டில் காபிப் பொட்டலம்: படத்துக்குள் விளம்பரம் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கும்பகோணத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். எழுத்து நான். செலவில் பாதியை ஒரு காபித்தூள் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். பொட்டலம் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. படத்தில் அப்பா இறந்துபோகிறார். தலைமாட்டில் காமாட்சி விளக்கு எரிகிறது, பின்னால் அலமாரியில் பொட்டலம் கேமராவைப் பார்த்துப் பளபளவென்று நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் திரையிட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதுக்கும் ஒரு மாலை போடுங்கப்பா!" மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் அழவில்லை.

ஜனங்களுக்கு விளம்பரமே பிடிக்காது என்று அன்றைக்கு நாங்கள் முடிவுகட்டினோம். அது தப்புக் கணக்கு. டெல்டாவில் தியேட்டருக்குப் போய் வளர்ந்தவர்கள் இடைவேளை ஸ்லைடுகளை மறந்திருக்க மாட்டார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று வரிசையாக வரும். முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் வாசிப்பார்கள், யாரும் கூச்சல் போட்டதில்லை. விளம்பரம் விளம்பரமாக வரும்போது நம்மவர்களுக்குச் சண்டையே இல்லை. கதையில் மனசை வைத்திருக்கிற நேரத்தில் நடுவே ஒருவர் வந்து கல்லா திறந்தால்தான் எரிச்சல் வருகிறது.

எங்கள் காட்சியில் இன்னொரு கோளாறும் இருந்தது. அதை மண்டபத்தில் இருந்த ஒரு பாட்டிதான் சொன்னார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், காபி பக்கத்து வீட்டிலிருந்து வரும். அப்புறம், இந்த ஊரில் பல வீடுகளில் தூளைக் கடையில் அரைத்து வாங்கி வந்த கையோடு டப்பாவில் கொட்டிவிடுவார்கள். பிரிக்காத பொட்டலம் அலமாரியில் கொலு வைத்ததுபோல நிற்காது. பணம் வாங்கியதை யாரும் எங்கள் முகத்தில் படிக்கவில்லை. பொருள் தப்பான இடத்தில் இருந்ததுதான் காட்டிக்கொடுத்தது.

இது பெரிய படங்களுக்கும் பொருந்தும். ஈரம் காயாத சம்பா வயலில் டயர் வைத்த அறுவடை எந்திரத்தை, கம்பெனி கொடுத்தது என்பதற்காக இறக்கிப் பாருங்கள். "இது புதையுமே, பெல்ட் மிஷின்ல இறங்கணும்" என்று மன்னார்குடிப் பக்கத்து விவசாயி கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். குறுவை நடவில் நிற்கும் பெண்கள் கையில் டின் குளிர்பானம் கொடுத்தாலும் அதே கதிதான்.

இத்தனைக்கும் கடைப்பெயர் இல்லாத வீடு நம் ஊரில் ஏது? சுவரில் நகைக்கடை நாள்காட்டி, கதவு ஆணியில் ஜவுளிக்கடை மஞ்சப்பை, கல்யாணத்தில் வாங்கி வந்த தாம்பூலப் பை. படத்துக்குள் விளம்பரம் வைக்க நம் வாழ்க்கையே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு அலமாரியைத் தேடிப் போனோம்.

பொருளுக்கு வசனம் கொடுப்பது இதைவிட மோசம். 'ஆஹா, என்ன மணம்' என்று பாத்திரம் பேச ஆரம்பித்தால் அது பாத்திரம் அல்ல, சேல்ஸ்மேன். 1973-இல் வந்த 'பாபி' இந்திப் படத்தில் இளம் ஜோடி ஒரு சின்ன ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் போகும். வண்டியின் பெருமையை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. மக்கள் அந்த வண்டிக்கே 'பாபி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2001-இல் வந்த 'யாதேன்' இந்திப் படத்திலோ குளிர்பானமும் சைக்கிளும் காட்சிக்குக் காட்சி முன்னால் வந்து நிற்க, விமர்சகர்கள் கதையை விட்டுவிட்டு அதைத்தான் கேலி செய்தார்கள்.

பார்க்கிறவர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. திரையில் ஒரு பெயர் தெரிந்தாலே காசு கைமாறிவிட்டது என்று நினைப்பது. 'காஸ்ட் அவே' என்ற ஹாலிவுட் படம் முழுக்க ஃபெட்எக்ஸ் கூரியர் நிறுவனம் வருகிறது. ஆனால் அந்த இடத்துக்காக அந்த நிறுவனம் பணம் கொடுக்கவில்லை, படப்பிடிப்புக்குத் தேவையான வசதிகளைத்தான் கொடுத்தது. கதையில் விழுந்து நொறுங்குவதும் அவர்கள் விமானம்தான்! 1982-இல் 'ஈ.டி.' ஹாலிவுட் படத்துக்கு எம் அண்ட் எம்ஸ் மிட்டாயைக் கேட்டபோது மார்ஸ் நிறுவனம் மறுத்தது. ஹெர்ஷி ஒத்துக்கொண்டு ரீஸஸ் பீஸஸ் மிட்டாயைக் கொடுத்தது. அவர்களும் காட்சிக்கென்று காசு தரவில்லை, தங்கள் செலவில் படத்துக்கு 10 லட்சம் டாலர் வரை விளம்பரம் செய்வதாகத்தான் ஒப்பந்தம். மிட்டாய் விற்பனை எகிறியது. இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி என்பதும் சரியில்லை. சினிமா பிறந்த சூட்டோடு, 1896-லேயே சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படம் ஒன்றில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் தெரிகின்றன.

சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் தவறை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதை நடக்கும் ஊர் கும்பகோணம் என்றால் திண்ணையில் வெற்றிலைச் செல்லம் இருக்கும். வெற்றிலை, சீவல் காட்டலாம். பக்கத்தில் புகையிலைப் பொட்டலத்தின் பெயரோ மூக்குப்பொடி டப்பியின் பெயரோ தெரியக் கூடாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது. அது சிகரெட்டுக்கு மட்டும்தான் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள்.

பொருளின் பேரும் படத்தின் பேச்சும் ஒத்துப்போகிறதா என்று பாராமல் கையெழுத்துப் போடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பன்னீர் சோடாவும் கோலி சோடாவும் பல கடைகளில் முன்வரிசைக்கு வந்தன. அந்த வாரம் கதாநாயகன் கையில் அந்தப் பாட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. இங்கே நாயகன் தண்ணீருக்காக முழங்கிவிட்டு அடுத்த காட்சியில் பாட்டில் தண்ணீரின் லேபிளைத் திருப்பிக் காட்டினால், விசிலடித்த அதே ஆள் நக்கலடிப்பார். பொருளை மன்னிப்பார்கள், நாயகன் சொன்னதை மாற்றிப் பேசியதை மன்னிக்க மாட்டார்கள்.

சரி, கடைக்காரரிடம் என்ன பேச வேண்டும்? எங்களுடையது வாய்ப்பேச்சு, அதனால் வந்த வினை. எத்தனை ஷாட், வசனம் கிடையாது, எடிட்டிங்கில் கடைசி முடிவு இயக்குநருடையது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்திலேயே கடையின் பெயரைப் போட்டு நன்றி சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் 2011-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குள் பொருள் வைக்க அனுமதித்தபோது, அது தெரியும்படி திரையில் 'பி' (P) என்ற ஆங்கில எழுத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். நமக்கு அந்த எழுத்து வேண்டாம், நன்றி அட்டை போதும்.

நாங்கள் அந்தக் காட்சியை மறுபடி எடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் காபி கொண்டுவருகிறார். டம்ளர்கள் மஞ்சப்பையில். பையில் கடைப்பெயர், பாதி மடிப்புக்குள் போயிருந்தது. இரண்டாவது திரையிடலில் யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும் வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன தம்பி, பை அவ்வளவு அழுக்கா இருக்கு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா புதுசா ரெண்டு கொடுத்திருப்பேனே."