கிராங்க், கேம் சென்சார் வேலையில் காசைக் கரைக்கும் தவறுகள்

கிராங்க் சென்சார் இன்ஜினின் முதன்மைத் தண்டு சுற்றுவதை அளக்கும்; கேம் சென்சார் வால்வுகளைத் திறக்கும் தண்டின் நிலையைச் சொல்லும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போதே கப்ளரை (சென்சாரில் மாட்டும் ஒயர் பிளக்) பிடுங்குவது, லாக்கை உடைப்பது எல்லாம் கைபழகினால் போய்விடும். பழகிய கைகளும் விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

பி0335 வந்ததும் புது சென்சார் வாங்குவது

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணைத்தான் கோடு (code) என்கிறோம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. பி0340 என்றால் கேம் சென்சார் சர்க்யூட்டில். சர்க்யூட் என்றால் சென்சாரோடு கப்ளர், ஒயர், எர்த், இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எல்லாமே சேர்த்தி. கோடைப் பார்த்த கையோடு பார்ட்ஸ் கடைக்கு ஓடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அதிலும் மண்டபம், பாம்பன் பக்கம் மீன் ஏற்றுகிற வண்டி என்றால் முதல் சந்தேகம் கப்ளர் மேல்தான் போக வேண்டும். மீன் இறக்கும் இடத்தில் தேங்கிய உப்புத்தண்ணீரைச் சக்கரம் வாரி அடிக்கும். கியர்பாக்ஸ் ஓரமாகக் கீழே இருக்கிற கிராங்க் சென்சார் கப்ளர் அதை முழுக்க வாங்கிக்கொள்ளும்.

தொண்டிப் பக்கத்துப் பிக்கப் ஒன்று. இரண்டு சென்சார் மாற்றியும் கோடு திரும்பத் திரும்ப வந்தது. ரப்பர் சீலை நகர்த்திப் பார்த்தால் சிக்னல் பின்னில் பச்சைக் களிம்பு. ஒயரின் தோலை உரிக்க உரிக்க உள்ளே செம்பு கறுத்தே இருந்தது. உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிவிட்டால் பின்னை மட்டும் சுரண்டிப் பயனில்லை. செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டி, புது ஒயரும் டெர்மினலும் போட்டு, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) ஏற்றியதும் கழற்றி வைத்திருந்த பழைய சென்சாரே ஓடியது.

சென்சாரைத் தொடுமுன் இதைப் பாருங்கள். செல்ப் அடிக்கும்போது ஸ்கேனர் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் 150, 200 என்று காட்டினால் சிக்னல் போகிறது. பூஜ்யத்திலேயே நின்றால் கப்ளருக்கு வாருங்கள். மூன்று பின் ஹால் வகையில் (உள்ளே மின்னணுச் சுற்று உள்ள சென்சார்) சப்ளை பின்னில் 5 வோல்ட் வேண்டும், சில வண்டிகளில் 12. எர்த்தை, கப்ளரை மாட்டி வைத்தபடியே பின்பக்கமாக ஊசி விட்டு, பேட்டரி மைனஸோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இரண்டு பின் காந்தச் சுருள் வகைக்கு ஓம்ஸ் பார்க்கலாம். பெரும்பாலும் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம், ஆனால் அந்த மாடலின் மேனுவல் சொல்வதே கணக்கு. ஹால் சென்சாரில் ஓம்ஸ் பார்ப்பது வீண் வேலை. மீட்டர் ஊசியைப் பெண் டெர்மினலுக்குள் முன்பக்கமாகக் குத்தாதீர்கள்: வாய் விரிந்து அதுவே புதுக் கோளாறாகும்.

ஒயர், கப்ளர் எல்லாம் சரியாக இருந்து, சூட்டில் நின்று ஆறினால் ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் சென்சாரையே சந்தேகப்படலாம்.

பார்க்காமலே கோடை அழிப்பது

கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், வேகம், இன்ஜின் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போச்சு. பேட்டரி ஒயரைக் கழற்றி அழிப்பதும் அதே கதைதான். முதலில் போனில் ஒரு போட்டோ எடுங்கள்.

பி0016ஐ சென்சார் கோளாறு என்று நினைப்பது

கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். முதலில் ஆயில் அளவு, பிறகு டைமிங் செயின் அல்லது பெல்ட்டைப் பாருங்கள். பல் தாண்டிய பெல்ட்டோடு ஓட்டினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் அடிக்கும்.

அடித்து உட்கார வைப்பது

துளையைத் துடைத்து, ஓ-ரிங்கில் இன்ஜின் ஆயில் தொட்டு, கையால் அழுத்தினாலே உட்கார வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் சென்சாரில் போல்ட் மாட்டும் காது உடையும். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். பழைய சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

கிரீஸ்

சிலிக்கான் கிரீஸ் மட்டும், ரப்பர் சீலில், மெல்லிசாக.

பிரஷர் வாஷ்

கடலோர அரிச்சல்முனை போய்வந்த வண்டியைக் கழுவத்தான் வேண்டும்; கப்ளர் மேல் நேராக அடிக்காதீர்கள்.

செக் இன்ஜின் லைட் அணைந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவது

சில மாடல்களில் கிராங்க் சென்சார் மாற்றினால் ஸ்கேனர் வழியாக ரீலேர்ன் (இசிஎம்முக்குப் புது சென்சாரைப் பழக்குவது) செய்ய வேண்டும். விட்டால் இல்லாத மிஸ்ஃபயருக்கு (சிலிண்டர் எரியாமல் விடுவது) கோடு வரலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, சூட்டிலேயே மறுபடி ஸ்டார்ட் செய்து, பெண்டிங் கோடு (இன்னும் லைட் போடாத கோடு) இருக்கிறதா என்று இன்னொரு முறை ஸ்கேன் போடுங்கள்.