நிறுத்தற்குறியை நீக்கப்போய் மெய்ப்புள்ளியைத் தின்னாதீர்கள்

தக்கலைப் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு வாடிக்கையாளர் பட்டியலைத் தரவுத்தளத்தில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரே ஆள் மூன்று விதமாக இருந்தார்: முன்னெழுத்துக்குப் பிறகு புள்ளி வைத்து, வைக்காமல், காற்புள்ளி போட்டு. தேடினால் ஒருவர் அகப்படுவார், மற்ற இருவரும் ஒளிந்துகொள்வார்கள். நிறுத்தற்குறிகளை வழித்தெறிந்தால் தீர்ந்தது என்று ஒரே வரியில் வேலையை முடித்தேன். மறுநாள் ரசீதைப் பார்த்த பெரியவர் கேட்டார்: “என்ன வேய், எம்பேரக் கடிச்சுத் துப்பியிருக்கீரு?”

கடித்தது பைத்தான் நிரல்மொழியின் ரெஜெக்ஸ், அதாவது வடிவம் சொல்லி எழுத்துகளைத் தேடி மாற்றும் வசதி. ‘எழுத்து, எண், இடைவெளி தவிர மற்றதையெல்லாம் நீக்கு’ என்று எல்லோரும் எடுத்துப் போடும் அதே வரிதான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மெய்ப்புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம், கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடின் கணக்கில் ‘எழுத்து’ அல்ல. சேர்குறி என்று தனி வகை. பைத்தானோடு வரும் ‘ரீ’ தொகுதி அவற்றைக் குப்பையோடு சேர்த்துவிடும். தக்கலை ‘தககல’ ஆகும். கன்னியாகுமரி ‘கனனயகமர’ ஆகும். தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெஜெக்ஸ்’ தொகுதி சேர்குறிகளையும் சொல்லின் பாகமாகவே எடுக்கும். ஆனாலும் எதை வைத்துக்கொள்வது என்று சொல்வதைவிட, எதை நீக்குவது என்று சொல்வதே எனக்குப் பிடித்த வழி.

அதற்காகப் பைத்தானில் தயாராக இருக்கும் நிறுத்தற்குறிப் பட்டியலை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதில் இருப்பவை 32 குறிகள்தான், எல்லாம் ஆங்கில விசைப்பலகையில் உள்ளவை. வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள், நீளக் கோடு, ஒரே குறியாக வரும் மூன்று புள்ளி எதுவும் அதில் கிடையாது. யூனிகோடின் நிறுத்தற்குறி வகையைக் கேட்டால் இவை மாட்டும். ரூபாய்க் குறியும் கூட்டல் குறியும் அப்போதும் தப்பிக்கும், அவை வேறு வகை.

அடுத்த வில்லங்கம், நீக்கிய இடத்தில் என்ன வைப்பது என்பது. ‘ரா.ஜாய்’ என்பதில் புள்ளியை வெறுமனே எடுத்தால் ‘ராஜாய்’ என்று புதிதாக ஒருவர் பிறந்துவிடுவார். இடைவெளி வையுங்கள், இரட்டை இடைவெளிகளைப் பிறகு ஒன்றாக்கலாம்.

எண்கள் இருக்கும் புலத்தில் (தரவுத்தளத்தின் நெடுவரிசையில்) கையே வைக்காதீர்கள். நிலத்தின் சர்வே எண் 145/2 வேறு, 14/52 வேறு. சாய்கோட்டை எடுத்தால் இரண்டும் 1452. நம்மூரில் ஒரு சென்ட் நிலத்துக்கே எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமா? கிலோ 185.50 என்பது 18550 ஆனால் அன்றைக்கே கடையைப் பூட்ட வேண்டியதுதான். வண்டி எண்ணுக்கு மட்டும் இது பொருந்தாது: டிஎன்-74, டிஎன் 74 இரண்டும் நாகர்கோவில்தான், கோட்டை எடுத்தால் நல்லது.

மைஎஸ்கியூஎல் 8 என்ற தரவுத்தள மென்பொருளில் பழகியவர்கள் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றுக்கு வந்ததும் இடறும் இடம் ஒன்று உண்டு. முன்னதில் ரெஜெக்ஸ் மாற்றுச் சார்பு வரியில் உள்ள எல்லாக் குறிகளையும் மாற்றும். பின்னதில் ‘எல்லாவற்றையும்’ என்று சொல்லும் ‘ஜி’ என்ற கொடி கொடுக்காவிட்டால் முதல் குறியோடு நின்றுவிடும். பிழைச்செய்தியும் வராது.

கேரள எல்லையோரத்துப் பட்டியல்களில் மலையாளப் பெயர்களும் கலந்திருக்கும். 2008-க்கு முந்தைய முறையில் தட்டச்சு செய்த சில்லு எழுத்துகளுக்குள் (உயிர் சேராத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவம்) கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்று ஒட்டியிருக்கும். ‘தெரியாத குறிகளையும் சேர்த்துத் துடை’ என்று எழுதினால் சில்லு உடைந்து, நம் மெய்ப்புள்ளி போன்ற சந்திரக்கலை தெரியும்.

இப்போதெல்லாம் மூலப் புலத்தைத் தொடுவதே இல்லை. தேடுவதற்கென்று பக்கத்தில் இன்னொரு புலம். ரசீதில் அச்சாவது மூலம்தான். அந்தத் தேடல் புலத்தை நிரப்பும் முன்பும், எதையும் மாற்றாமல் காட்டும் செலக்ட் கட்டளை போட்டுப் பழையதையும் புதியதையும் அருகருகே பார்க்கிறேன். திற்பரப்பு, களியக்காவிளை, பேச்சிப்பாறை மூன்றும் உருக்குலையாமல் வந்தால்தான் மாற்றி எழுதும் அப்டேட் கட்டளை.