முதல் செமஸ்டர் கால்குலஸ்: மார்க் எங்கே ஒழுகுகிறது, எப்படி அடைப்பது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் பொறியியல் முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தின் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. அணிகள், வகையிடல், பல மாறிச் சார்புகள், தொகையிடல், இரட்டை மற்றும் மும்மைத் தொகையிடல் என்று ஐந்து யூனிட். நான்கு யூனிட் கால்குலஸ்தான். ஆனால் இதில் அரியர் விழுகிற பலருக்குக் காலை வாருவது கால்குலஸ் அல்ல, பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா. விடைத்தாளில் வகையிட்ட வரி சரியாக இருக்கும். அதைச் சுருக்குகிற அடுத்த வரியில் கணக்கு கவிழ்ந்து கிடக்கும்.

அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே உங்களை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல், இருபது நிமிடத்தில், இவற்றைச் செய்ய வேண்டும்: எக்ஸ்³ − 8 என்பதைக் காரணிப்படுத்துவது; இரண்டு பின்னக் கோவைகளைக் கூட்டுவது; பின்னத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள வர்க்கமூலத்தை இணையால் பெருக்கி நீக்குவது; சைன், காஸ் மதிப்புகளை 0, 30, 45, 60, 90 பாகைக்கு எழுதுவது; லாக் விதிகள் மூன்றையும் எழுதுவது. √(எக்ஸ்² + 9) என்பதை எக்ஸ் + 3 என்று எழுதுகிறவரா நீங்கள்? அப்படியானால் முதல் வாரம் முழுக்க அல்ஜீப்ராவுக்குத்தான். தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதவியல் இரண்டாம் தொகுதியில் 9, 10, 11ஆம் அத்தியாயங்கள் எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றையும் அடிப்படையிலிருந்து சொல்கின்றன. கல்லூரிப் புத்தகத்தைத் திறக்கும் முன் அதிலுள்ள எடுத்துக்காட்டுகளைப் போட்டுப் பாருங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. சார்பு என்றால் ஃபங்ஷன், எல்லை என்றால் லிமிட், வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ், மாறிலி என்றால் கான்ஸ்டன்ட், தொடர்ச்சி என்றால் கன்டின்யூட்டி. இப்படி ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்தால், வகுப்பில் பாதி அந்நியம் போய்விடும். கணக்கு ஒன்றுதான், பெயர்தான் மாறியிருக்கிறது.

வீட்டில் படிக்கும் முறையில் ஒரே ஒரு கண்டிப்பு போதும். தீர்த்த கணக்கை வாசித்து ‘புரிந்தது’ என்று தலையாட்டினால் அது படிப்பில் சேராது. கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத் தாளில் போடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் முட்டுங்கள். பிறகு ஒரே ஒரு வரி பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். வகுப்பு நடந்த அன்றே ஐந்து கணக்கு, இரண்டு நாள் கழித்து அதே வகையில் மூன்று. தவறான ஒவ்வொரு கணக்குக்கும் தனி நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எந்த வரியில் தவறியது, ஏன். நான்கு வாரத்தில் உங்கள் தவறுகள் ஐந்தாறு வகைதான் என்று தெரிந்துவிடும்.

இனி கால்குலஸ் யூனிட்களில் ஒவ்வொன்றாக, வழக்கமாக எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம்.

லிமிட்டில் முதலில் மதிப்பைப் போட்டுப் பாருங்கள். (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3) என்பதில் 3ஐப் போட்டால் 0/0. காரணிப்படுத்தி நீக்கினால் 6. மேலும் கீழும் தனித்தனியே வகையிட்டு லிமிட் காணும் லோபிதால் விதி 0/0, முடிவிலி/முடிவிலி ஆகிய வடிவங்களுக்கு மட்டும். எக்ஸ்/(எக்ஸ் + 1) என்பதில் எக்ஸ் 0ஐ நெருங்கும்போது விடை 0. நேரே போட்டாலே வந்துவிடும். பழக்க தோஷத்தில் மேலும் கீழும் வகையிட்டால் 1 என்று தவறான விடை வரும். கால்குலேட்டர் டிகிரி மோடில் இருக்கிறதா என்றும் பாருங்கள்: சைன் எக்ஸ்/எக்ஸ் என்பதை 0.01க்குப் போட்டால் ரேடியனில் 0.99998, டிகிரியில் 0.01745. வகையிடல் சூத்திரங்கள் எல்லாமே ரேடியனுக்கு எழுதியவை.

வகையிடலில் மார்க்கைத் தின்பது சங்கிலி விதி. சைன்²(3எக்ஸ்) என்றால் வெளியிலிருந்து உள்ளே உரியுங்கள்: வர்க்கம், அதற்குள் சைன், அதற்குள் 3எக்ஸ். விடை 2 சைன் 3எக்ஸ் × காஸ் 3எக்ஸ் × 3. அந்தக் கடைசி 3தான் அடிக்கடி காணாமல் போகும். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பெருக்கல் காரணி, எண்ணிப் பார்த்தால் தப்பாது. எக்ஸின் அடுக்கிலும் எக்ஸ் இருந்தால் அடுக்கு விதி செல்லாது. இருபுறமும் லாக் எடுத்த பிறகே வகையிட வேண்டும்.

மாறுவீதக் கணக்கில் வரிசை முக்கியம். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது, அடி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, அடி 3 மீட்டர் தள்ளி இருக்கும்போது உச்சி எவ்வளவு வேகத்தில் இறங்கும்? முதலில் எக்ஸ்² + ஒய்² = 25; அதை நேரத்தைப் பொறுத்து வகையிடுங்கள்; அதன் பிறகுதான் 3, 4 என்ற எண்களைப் போட வேண்டும். விடை விநாடிக்கு 0.75 மீட்டர் கீழ்நோக்கி. முன்பே 3ஐப் போட்டுவிட்டால் அது மாறிலியாகிவிடும், வகையிட்டால் 0தான் மிஞ்சும்.

இரண்டு மாறியில் பெருமம், சிறுமம் கேட்டால் பகுதி வகைக்கெழு இரண்டையும் 0 ஆக்கித் தீர்க்க வேண்டும். எக்ஸ்³ + ஒய்³ − 3எக்ஸ்ஒய் என்ற சார்பில் கடைசியாக எக்ஸ்⁴ = எக்ஸ் என்று வந்து நிற்கும். அவசரத்தில் இருபுறமும் எக்ஸால் வகுத்தால் (0, 0) என்ற புள்ளி கை நழுவிவிடும், (1, 1) மட்டும் மிஞ்சும். வகுக்காமல் ஒருபுறம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள். (1, 1)இல் சிறுமம். (0, 0)இல் பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. அதையும் எழுத வேண்டும்.

தொகையிடலில் ஆறுதலான விஷயம், விடையை நீங்களே சரிபார்க்கலாம்: வகையிட்டால் கேள்வி திரும்ப வர வேண்டும். பிரதியிடல் முறையில் மாறியை மாற்றினால் எல்லைகளையும் மாற்றுங்கள். எக்ஸ் × இ-யின் அடுக்கு எக்ஸ்² என்பதை 0 முதல் 2 வரை தொகையிட யு = எக்ஸ்² எனக் கொண்டால் புது எல்லைகள் 0, 4. விடை ½(இ⁴ − 1). பழைய 2ஐயே வைத்தால் ½(இ² − 1) என்று தவறாக வரும். இன்னொரு பொறி: 1/எக்ஸ்² என்பதை −1 முதல் 1 வரை கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால் −2 வரும். எப்போதும் மிகை மதிப்புள்ள சார்புக்குக் குறை மதிப்பில் விடை எப்படி வரும்? நடுவில் 0இல் சார்புக்கு மதிப்பே இல்லை. அங்கே பிரித்துப் பார்த்தால் தொகை முடிவிலிக்கு ஓடுகிறது.

இரட்டைத் தொகையிடலில் வரிசை மாற்றச் சொன்னால் முதல் வேலை படம் வரைவது. ஒய் என்பது எக்ஸ் முதல் 1 வரை, எக்ஸ் என்பது 0 முதல் 1 வரை என்றால் அது ஒரு முக்கோணம். மாற்றிய பிறகு எக்ஸ் 0 முதல் ஒய் வரை, ஒய் 0 முதல் 1 வரை. எல்லைகளை அப்படியே தூக்கி இடம் மாற்றி வைத்தால் வெளித் தொகையில் மாறி வந்து நிற்கும். வெளி எல்லையில் எண்கள் மட்டுமே இருக்க வேண்டும், வேறு எது இருந்தாலும் படத்துக்குத் திரும்புங்கள்.

2021 ரெகுலேஷனில் பரீட்சை மூன்று மணி நேரம், 100 மார்க்: பத்து டூ மார்க், ‘இது அல்லது அது’ என்று ஐந்து பதினாறு மார்க். டூ மார்க்குக்கு 30 நிமிடம், பெரிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் 27 நிமிடம் என்று போனால் கடைசியில் 15 நிமிடம் கையில் நிற்கும். நன்றாகத் தெரிந்த யூனிட்டில் தொடங்குங்கள், கேள்வி எண்ணை மட்டும் சரியாக எழுதுங்கள். ஒரு கணக்கு நடுவில் சிக்கினால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறான வரியை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுக் கீழே தொடருங்கள். அழித்து அழித்துக் கசக்கிய பக்கத்தில் சரியான வரியும் திருத்துபவர் கண்ணில் படாது. மிஞ்சிய 15 நிமிடத்தில் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டாம். குறிகள், தொகையிடல் மாறிலி, மாற்றிய எல்லைகள், கடைசி வரியில் அலகு: இந்த நான்கை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.